‘தொலைந்த’ கதைகள் எங்கே இருந்தன? டாஃப்னி டு மோரியரின் இளமைக்காலச் சிறுகதைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2011-ஆம் ஆண்டு விராகோ பதிப்பகம் ‘தி டால்’, அதாவது ‘பொம்மை’, என்ற தலைப்பில் பதின்மூன்று சிறுகதைகளைத் தொகுத்து லண்டனில் வெளியிட்டது. எழுதியவர் டாஃப்னி டு மோரியர். ‘ரெபேக்கா’ நாவலாலும், ஹிட்ச்காக் 1963-இல் படமாக்கிய ‘தி பேர்ட்ஸ்’ கதையாலும் உலகெங்கும் அறியப்பட்ட அவர் இறந்து அப்போது இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் மோரோ பதிப்பகம் அதே கதைகளை வெளியிட்டபோது துணைத்தலைப்பில் ‘தொலைந்த சிறுகதைகள்’ என்று ஒரு சொல்லைக் கூட்டியது. பிரிட்டிஷ் பதிப்பில் வெறும் ‘சிறுகதைகள்’ என்றே இருந்தது. கூட்டப்பட்ட அந்த ஒரு சொல்லிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்குகிறது. இக்கதைகள் எந்தப் பொருளில் தொலைந்திருந்தன, கிடைத்தபின் ‘ரெபேக்கா’வின் தோற்றம் குறித்து வழக்கமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கத்தை அவை எவ்வளவு தூரம் அசைக்கின்றன என்ற இரண்டு கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எழுதிய பெண்

டு மோரியர் 1907 மே 13 அன்று லண்டனில் ஒரு நாடகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜெரால்ட் அக்கால லண்டன் மேடையின் புகழ்பெற்ற நடிகர், நாடகக் குழு நிர்வாகி. தாய் மூரியல் போமாண்டும் நடிகை. தாத்தா ஜார்ஜ் டு மோரியர் ‘பஞ்ச்’ இதழின் ஓவியராக இருந்து, 1894-இல் ‘ட்ரில்பி’ என்ற நாவலால் பெரும் புகழ் பெற்றவர். (இந்தத் தாத்தாவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; ‘பொம்மை’ கதையைப் பேசும்போது அவர் மறுபடி வருவார்.) டாஃப்னி 1925-இல் பாரிஸுக்கு அருகில் இருந்த ஒரு மகளிர் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு குடும்பம் தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வாலில், ஃபோய் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள போடினிக்கில், படகுத்துறையை ஒட்டிய ஒரு வீட்டை வாங்கியது. லண்டன் விருந்துகளிலிருந்து விலகி எழுத உட்கார அவருக்கு வாய்த்த இடம் அதுவே. முதல் நாவல் ‘தி லவிங் ஸ்பிரிட்’ 1931-இல் வந்தது. நாம் பேசும் கதைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்னரும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும், பத்தொன்பது வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில், எழுதப்பட்டவை.

முதன்முதலில் அச்சேறிய கதைக்கு உறவு துணைநின்றது. ‘தி பைஸ்டாண்டர்’ என்ற லண்டன் வார இதழின் ஆசிரியர் வில்லியம் கமின்ஸ் போமாண்ட் அவருடைய தாய்மாமன். 1929-இல் ‘அண்ட் நௌ டு காட் தி ஃபாதர்’ என்ற கதை அவ்விதழில் வெளியானது. மேட்டுக்குடியினர் திரளும் ஒரு தேவாலயத்தின் மதகுருவான ஜேம்ஸ் ஹாலவே, ஒரு செல்வந்த இளைஞனால் கைவிடப்பட்ட எளிய பெண்ணுக்கு உதவுவதாகக் காட்டிக்கொண்டு அவளை எப்படிக் கைகழுவுகிறார் என்பதே கதை. மாமன் இதழ் என்பதால்தான் இடம் கிடைத்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்த இதழை வாங்கிப் படித்த வகுப்பாரையே குத்தும் கதை அது; எழுதியவருக்கு அப்போது வயது இருபத்தொன்றோ இருபத்திரண்டோதான்.

அலமாரியில் இருந்த தொலைவு

‘தொலைந்தது’ என்ற சொல், பெட்டியடியிலிருந்து எடுக்கப்பட்ட கையெழுத்துப் படியை நினைவூட்டுகிறது. இங்கே நடந்தது அதுவன்று. இக்கதைகளில் பல அச்சானவை. 1920-களிலும் 30-களிலும் இங்கிலாந்தின் வார, மாத இதழ்கள் சிறுகதைகளை ஏராளமாக வாங்கின. வாரம் முடிந்ததும் இதழ் பழைய தாளாகிவிடும். பிரதிகள் நூலகங்களில் தொகுதிகளாகக் கட்டப்பட்டுப் பத்திரமாகவே இருந்தன. ஆனால் நூலகப் பட்டியல் இதழின் பெயரைத்தான் சொல்லும். உள்ளே யார் எந்தக் கதையை எழுதினார் என்று சொல்லாது. எந்த ஆண்டு, எந்த மாதம் என்று தெரியாமல் தேடுபவர் வாரத்துக்கு ஒன்றாக, ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டியாக வேண்டும். பிரிட்டிஷ் நாளிதழ்க் காப்பகம் இணையத்தில் திறக்கப்பட்டதே 2011-இன் இறுதியில்தான். தொகுப்பு அதற்குச் சில மாதங்கள் முன்பே வெளிவந்துவிட்டது.

தொகை நூல்களின் நிலை இன்னும் சிக்கலானது, தொகுப்பின் தலைப்புக் கதை அதற்குச் சரியான சான்று. ‘பொம்மை’ எந்த இதழிலும் இடம்பெறவில்லை. ஜார்ஜ் ஜோசஃப் என்பவர் 1937-இல் ‘தி எடிட்டர் ரிக்ரெட்ஸ்’ என்று ஒரு தொகை நூலைக் கொண்டுவந்தார். ‘வருந்துகிறோம்’ என்று இதழாசிரியர்கள் திருப்பி அனுப்பிய கதைகளை மட்டுமே, பெயர்பெற்ற எழுத்தாளர்களிடமிருந்து கேட்டு வாங்கித் தொகுத்த குறும்பான நூல் அது. நூலகப் பட்டியலில் அது தொகுத்தவர் பெயரில்தான் பதிவாகும். டு மோரியர் என்று தேடுபவருக்கு அது தட்டுப்படாது. நிராகரிக்கப்பட்டவற்றுக்கென்றே வந்த நூலில் இடம்பெற்றதால், அந்தக் கதை இரண்டாம் முறையும் மறைந்துபோயிற்று எனலாம்.

தேடிக் கண்டுபிடித்தவர் ஆய்வாளர் அல்லர். ஃபோய் நகரில் பழைய புத்தகக் கடை நடத்திவந்த ஆன் வில்மோர். டு மோரியரின் நூல்களைச் சேர்ப்பதிலும் விற்பதிலும் ஈடுபட்டவர் என்பதால், பட்டியல்களில் வராத பதிப்புகள் அவர் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். டு மோரியர் எழுபது வயதில், 1977-இல், தம் இளமைக்கால நாட்குறிப்புகளைக் கொண்டு ஒரு தன்வரலாறு எழுதினார். இருபது வயதை ஒட்டித் தாம் எழுதிய கதைகளைப் பற்றி அதில் பேசுகிறார். தலைப்பு தெரிந்தும் கதை கையில் இல்லாத நிலை அவ்வாறுதான் உருவாயிற்று. பல்கலைக்கழகத் துறைகளில் டு மோரியரை வெகுகாலம் ‘ஜனரஞ்சக எழுத்தாளர்’ என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த எழுத்தாளரின் இதழ்ப் படைப்புகளுக்கு முழு நூற்பட்டியல் தயாரிக்கப்படுகிறது என்பது அந்த எழுத்தாளருக்குத் தரப்படும் மதிப்பைப் பொறுத்தது. இந்தக் கதைகள் காணாமற்போனதற்கு நூலகத்தின் அமைப்பு பாதிக் காரணம் என்றால், மறுபாதிக் காரணம் இந்த மனப்பான்மை என்றே நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1980-இல் டு மோரியர் உயிரோடிருந்தபோதே ‘தி ராந்தேவூ’ என்ற தொகுப்பு பதினான்கு கதைகளோடு வெளிவந்தது. மேற்சொன்ன மதகுரு ஹாலவே வரும் இன்னொரு கதை உட்பட, இளமைக்காலக் கதைகள் சில அதில் சேர்க்கப்பட்டிருந்தன. ‘பொம்மை’ அதில் இல்லை.

‘பொம்மை’

கதை ஒரு சட்டகத்துக்குள் வைத்துச் சொல்லப்படுகிறது. கடற்கரைப் பாறை இடுக்கில் ஒரு பழைய கைக்குறிப்பேடு கிடைக்கிறது. உப்புநீரில் ஊறி, நிறம் மாறி, பல பக்கங்கள் படிக்க முடியாமல் சிதைந்திருக்கிறது. கண்டெடுத்த மருத்துவர் படிக்க முடிந்ததை மட்டும் வெளியிடுகிறார். ஆகவே கதை நடுநடுவே அறுந்து அறுந்து நிற்கிறது. குறிப்பேட்டை எழுதியவன் யார், அவன் என்ன ஆனான் என்பது தெரிவதில்லை. அவன் பெயரும் கடைசிவரை சொல்லப்படுவதில்லை.

அவன் ஒரு வயலின் கலைஞர்மீது தீராத மோகம் கொள்கிறான். அவள் பெயர் ரெபேக்கா. தனித்து வாழ்கிறாள், யாருக்கும் கட்டுப்படாதவள், அவன் நெருங்க நெருங்க நழுவிப்போகிறாள். ஒருநாள் தன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் உருவத்தை அவனுக்குக் காட்டுகிறாள். பதினாறு வயதுப் பையன் அளவில், இளித்த கொடூர முகத்தோடு, பொறியால் இயங்கும் பொம்மை. அதற்கு ஜூலியோ என்று பெயர். அவளுக்கு ஆண்துணை தேவைப்படாததன் காரணம் அந்தப் பொம்மைதான் என்று அவன் புரிந்துகொள்ளும் இடத்தில் கதை உச்சத்தை எட்டுகிறது. 1920-களின் இதழாசிரியர்கள் ஏன் இதைத் தொடவில்லை என்று விளக்க வேண்டிய தேவையே இல்லை. பெண்கள் இருவரின் காதலைப் பேசியதற்காக ராட்க்ளிஃப் ஹாலின் ‘தி வெல் ஆஃப் லோன்லினெஸ்’ நாவலை லண்டன் நீதிமன்றம் அழிக்கச் சொன்ன ஆண்டு 1928.

பொம்மையை மனித உயிரென்று மயங்கிக் காதலிக்கும் ஆணின் கதை ஐரோப்பிய அமானுட இலக்கியத்தில் பழையது. ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மன் 1816-இல் எழுதிய ‘மணல் மனிதன்’ கதையில் நத்தானியேல் என்ற மாணவன் ஒலிம்பியா என்னும் இயந்திரப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். ஃப்ராய்ட் 1919-இல் அமானுட உணர்வு குறித்து எழுதிய கட்டுரைக்கு அக்கதையே மையம். டு மோரியர் அந்த அமைப்பைத் திருப்பிப்போடுகிறார். இங்கே பொம்மை ஆண். அதை ஆள்பவள் பெண். அது பொம்மை என்பதை நன்றாகத் தெரிந்தே ஆள்கிறாள். உயிருள்ள ஆண் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறான்.

இந்தத் திருப்பத்துக்கு மூலத்தை ஹாஃப்மனிடம் தேடுவதைவிட வீட்டுக்குள்ளேயே தேடலாம். தாத்தா ஜார்ஜின் ‘ட்ரில்பி’யில் ஸ்வெங்காலி என்ற இசைக்காரன் ஓர் இளம்பெண்ணை மனோவசியத்தால் கட்டிப்போட்டுப் பெரும் பாடகியாக்குகிறான், அவன் பார்வை விலகியதும் அவளுக்குப் பாட வருவதில்லை. ஆண் இயக்குகிறான், இசை பாடும் பெண் இயந்திரமாகிறாள். பேத்தியின் கதையில் இசை வாசிப்பவளே இயக்குபவள். குடும்பச் சொத்தாக வந்த ஒரு கதையை இருபது வயதுப் பெண் தலைகீழாக்கியிருக்கிறாள் என்று படிக்கும்போது, ‘பொம்மை’ ஓர் அதிர்ச்சிக் கதை என்ற அளவைத் தாண்டிவிடுகிறது.

1927-ஆ, 1937-ஆ?

தொகுப்பு வெளிவந்ததும் எல்லோர் கண்ணிலும் பட்டது ரெபேக்கா என்ற அந்தப் பெயர். இறந்துபோன முதல் மனைவி ரெபேக்காவின் நினைவு துரத்தும் ஓர் இரண்டாம் மனைவி சொல்லும் கதை ‘ரெபேக்கா’ நாவல். அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பிறப்புக் கதை இது: டு மோரியர் 1932 ஜூலையில் படை அதிகாரி ஃப்ரெடரிக் பிரௌனிங்கை மணந்தார். பிரௌனிங்குக்கு அதற்கு முன் ஜான் ரிக்கார்டோ என்ற பெண்ணோடு திருமண நிச்சயம் ஆகி முறிந்திருந்தது. அவளுடைய பழைய கடிதங்கள் மனைவியின் கண்ணில் பட்டு, அதிலிருந்த நெளிவான கையொப்பம் மனத்தில் தைத்து, பொறாமை முளைத்து, அது நாவலாயிற்று என்பார்கள். நாவலில் ரெபேக்காவின் கையெழுத்தில் வரும் சாய்ந்த ‘ஆர்’ எழுத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது ஏற்கத்தக்கதாகவே தோன்றும்.

ஆனால் ‘பொம்மை’ எழுதப்பட்ட காலம் 1927, 28 என்று கொண்டால், அப்போது பிரௌனிங் அவர் வாழ்வில் இல்லை. ‘தி லவிங் ஸ்பிரிட்’ நாவலைப் படித்துவிட்டு, அதில் வரும் கடற்கரையைப் பார்க்க பிரௌனிங் தன் படகில் ஃபோய்க்கு வந்தது 1931-இல். இருவரும் சந்தித்தது 1932-இல். கணவனுக்கும் முன்னரே, கணவனின் முன்னாள் காதலிக்கும் முன்னரே, ரெபேக்கா என்ற பெயரும், அடக்க முடியாத பெண்ணும், அவள்மீது எரியும் பொறாமையும் இந்த எழுத்தாளரிடம் இருந்தன என்றாகிறது. மதிப்புரைகள் பல இந்த இடத்தோடு நிறைவடைந்துவிட்டன.

இங்கே சற்று நிதானம் தேவை. காலத்தைப் பற்றிய சான்று ஆசிரியர் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றிலிருந்து வருகிறது; கதையின் பாடமோ 1937-இல் அச்சான பாடம். அந்த 1937 சாதாரண ஆண்டன்று. கணவரின் படைப்பிரிவு எகிப்துக்கு அனுப்பப்பட்டதால் டு மோரியர் அலெக்சாண்ட்ரியாவில் இருந்தார், அங்கே வெயிலிலும் வீட்டு நினைவிலும் தவித்தபடி ‘ரெபேக்கா’வைத் தொடங்கி, முதல் பதினைந்தாயிரம் சொற்களைக் கிழித்துப் போட்டு, ஆண்டு இறுதியில் இங்கிலாந்து திரும்பி, 1938 வசந்தத்தில் முடித்தார், நாவல் 1938 ஆகஸ்டில் வெளியாயிற்று. அதாவது ‘பொம்மை’ அச்சேறியதும் நாவல் கருக்கொண்டதும் ஒரே ஆண்டில். பழைய கதையைத் தொகை நூலுக்குக் கொடுக்கும் சமயத்தில் ஓர் எழுத்தாளர் அதைத் திருத்துவது இயல்பு. பெயர் 1927-இலிருந்தே இருந்தது என்பதை 1937-இன் அச்சுப்பாடம் மட்டுமே நிறுவ முடியாது.

ஆயினும் பெயரை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் உறவு கலைவதில்லை. கதையில் சொல்பவனுக்குப் பெயர் இல்லை, சொல்லப்படுபவளுக்கு மட்டும் உண்டு. நாவலிலும் இரண்டாம் மனைவிக்குப் பெயர் இல்லை, இறந்தவளுக்கே பெயர். கதையில் உண்மையை உப்புநீர் பாதி அழித்துப் பாதி காப்பாற்றிக் கரையில் ஒப்படைக்கிறது. நாவலில் ரெபேக்காவின் மூழ்கிய படகு அந்த வேலையைச் செய்கிறது. இவை கையெழுத்துத் திருத்தத்தில் நுழைக்கக்கூடியவை அல்ல, கதையின் எலும்பிலேயே இருப்பவை. கடிதங்கள் பொறாமைக்கு ஒரு முகவரி கொடுத்திருக்கலாம். வீடு ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது என்பதே என் முடிவு.

பெயர்களை அளவுக்கு மீறிப் படிப்பதற்கு எதிரான சான்றும் அவருடைய படைப்புகளுக்குள்ளேயே உள்ளது. ஹாலவே இரண்டு கதைகளில் வருகிறார். மேசி என்ற விலைமகள் ‘மேசி’யிலும் ‘பிக்கடிலி’யிலும் வருகிறாள். ஜூலியோ என்ற பொம்மைக்குப் பின் 1933-இல் ‘தி ப்ராக்ரஸ் ஆஃப் ஜூலியஸ்’ என்ற நாவல் வந்தது; அதன் நாயகனுக்கும் பொம்மைக்கும் தொடர்பு தேட யாரும் முனைவதில்லை. பிடித்த பெயர்களைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துவது இவரது பழக்கம்.

வரைவுகளின் வரிசை இவருக்கு வெறும் இலக்கிய ஆர்வமாக மட்டும் இருக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ‘ரெபேக்கா’ வேறொருவரின் படைப்பைத் தழுவியது என்று அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டபோது, 1947-இல் அவர் நியூயார்க் சென்று சாட்சி சொன்னார். நாவலுக்காகத் தாம் எழுதிவைத்த குறிப்பேட்டைச் சான்றாகக் கொண்டுபோனார். வழக்கு தள்ளுபடியாயிற்று. அந்தக் குறிப்பேடு 1981-இல் அச்சானது. கதாநாயகியின் கணவன் பெயர் அதில் நாவலில் உள்ளதுபோல் மாக்சிம் அன்று, ஹென்றி; பின்னுரையாகத் திட்டமிடப்பட்ட பகுதியே பிறகு நாவலின் புகழ்பெற்ற தொடக்கமாக மாறியது.

மற்றவை

பதின்மூன்றும் ஒரே தரம் அல்ல. ‘ஃப்ரஸ்ட்ரேஷன்’, ‘வீக்-எண்ட்’ போன்றவை இதழின் பக்கத்தை நிரப்பும் அளவுக்கானவை; படித்த அன்றே மறந்துபோகும். ‘கீழைக் காற்று’ என்ற கதையின் நிலை வேறு. பத்தொன்பது வயதில் எழுதிய இதில், சில்லி தீவுகளுக்கும் அப்பால் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு தீவுக்குக் காற்றில் அடித்துவரப்பட்ட கப்பலின் மாலுமிகள் இறங்குகிறார்கள். காற்று வீசி ஓயும்வரை தீவே நிலைகுலைந்து, கொலையில் முடிகிறது. இயற்கையின் ஒரு சிறு மாற்றம் மனித ஒழுங்கைக் கவிழ்ப்பதை 1952-இல் ‘தி பேர்ட்ஸ்’ கதையில் அவர் முழுமையாகச் செய்தார். அந்தக் கதையிலும் பறவைகளோடு வருவது கீழைக் காற்றுதான்.

‘டேம் கேட்’ கதையில் பாரிஸ் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் பெண், தாயின் ‘நண்பர்’ தன்னை எப்படிப் பார்க்கிறார் என்பதை மெல்ல மெல்ல உணர்கிறாள். சொல்பவளுக்குத் தெரியாதது வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்படி எழுதப்பட்ட கதை. கடிதங்களாலேயே ஆன ‘அண்ட் ஹிஸ் லெட்டர்ஸ் க்ரூ கோல்டர்’ ஓர் ஆணின் காதல் ஏறி இறங்குவதை அவனுடைய விளிச்சொற்களின் வெப்பநிலையைக் கொண்டே காட்டுகிறது. ‘தி லிம்பெட்’ தன்னைத் தியாகி என்று நம்பிப் பிறர் வாழ்வைக் கெடுக்கும் ஒரு பெண்ணின் வாக்குமூலம். 1932-இல் அச்சான ‘தி ஹேப்பி வேலி’யில் ஒரு பெண் கனவில் மறுபடி மறுபடி ஒரு பள்ளத்தாக்குக்கும் அங்குள்ள வீட்டுக்கும் போகிறாள், பிறகு விழிப்பில் அதையே எதிர்கொள்கிறாள். கனவில் மாண்டர்லி மாளிகைக்குத் திரும்பும் ‘ரெபேக்கா’ நாவலின் தொடக்கத்துக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி இல்லை. ஃபோய் அருகே மரங்களுக்குள் பாழடைந்து கிடந்த மெனபிலி மாளிகையை இருபதுகளின் இறுதியில் அவர் கண்டு மயங்கியதும், 1943-இல் அதைக் குத்தகைக்கு எடுத்து இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்ததும் தெரிந்த செய்தி. பெயரில் ஐயம் எழுப்பலாம். இந்தக் கனவில் எழுப்ப முடியாது, ஏனெனில் இதன் அச்சு ஆண்டே நாவலுக்கு ஆறு ஆண்டு முந்தையது. ‘பொம்மை’யைவிட வலுவான சான்றாக நான் இதையே முன்வைப்பேன், தலைப்புக் கதையின் பரபரப்பில் இது போதிய கவனம் பெறவில்லை.

தொகுப்பு வந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 2019-இல், டு மோரியர் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதங்கள் இங்கிலாந்தின் ஈலி நகரில் ஏலத்துக்கு வந்தன. அவற்றோடு, பாறைகள்மீது நீச்சலுடையில் நிற்கும் இளவயது டாஃப்னியின் சட்டமிட்ட புகைப்படம் ஒன்றும் இருந்தது. ஏலக்கூடத்தார் சட்டத்தைக் கழற்றியபோது படத்துக்குப் பின்னால் மடித்துவைத்த ஒரு கார்பன் தாள் கிடைத்தது. அதில் அதுவரை யாரும் அறியாத இரண்டு கவிதைகள் பதிந்திருந்தன. ஒன்றுக்குத் தலைப்பில்லை; மற்றொன்றின் தலைப்பு ‘மகிழ்ச்சியான விலைமகளின் பாட்டு’. மேசியின் கதைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டியது அது. கார்பன் தாளில் எழுத்து பதிந்திருக்கிறது என்றால் அதற்கு மேலே ஒரு தாளும் கீழே ஒரு தாளும் இருந்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்று ஏதேனும் ஓர் இதழாசிரியரின் மேசைக்குப் போயிருக்கலாம்.